ஒரே ஈற்றில் 25 குட்டி: பெங்களூரில் போவா வளர்ப்பவர்கள் முன்கூட்டியே போடவேண்டிய கணக்கு

நவம்பரில் பெங்களூரின் இரவுகள் குளிர ஆரம்பித்ததும் போவா என்கிற வெளிநாட்டுப் பாம்பை வளர்ப்பவர்களிடையே ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் ஜோடி சேர்த்துப் பார்க்கலாமா? அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராம்புரம் பக்கமெல்லாம் போவா வைத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். எந்த மாதம் ஆணையும் பெண்ணையும் ஒன்றாக விடுவது, எத்தனை டிகிரி வைப்பது என்று விவரமாகக் கேட்கிறார்கள். அதற்கெல்லாம் பதில் இருக்கிறது, பெரிய ரகசியமும் இல்லை. பிறக்கப்போகும் குட்டிகள் எங்கே போகும் என்பதை மட்டும் யாரும் முதலில் கேட்பதில்லை. போவா விஷயத்தில் முதலில் கேட்கவேண்டியதே அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணம் அந்தப் பாம்பின் உடம்பிலும் இருக்கிறது, நம் நாட்டுச் சட்டத்திலும் இருக்கிறது.

போவா கன்ஸ்ட்ரிக்டர் மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் பாம்பு. 1758இல் லின்னேயஸ் வைத்த அறிவியல் பெயரே உலகம் முழுக்கப் புழங்கும் பெயராகவும் ஆகிவிட்டது. வளர்ப்புச் சந்தையில் அதிகம் கிடைப்பது அதன் நெருங்கிய சொந்தமான போவா இம்பரேட்டர். கொலம்பியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழ்வது, இப்போது பலரும் தனி இனமாகவே கணக்கில் வைப்பது. பெண் ஆறு முதல் எட்டு அடி வளரும், ஆண் அதைவிடச் சிறியது. பார்த்தவுடன் நம்மூர் மலைப்பாம்பு என்றுதான் அக்கம்பக்கத்தார் நினைப்பார்கள். மலைப்பாம்பு முட்டையிடும், முட்டைகளைச் சுற்றிப் படுத்து அடைகாக்கும். போவா குட்டி போடும். நம் வயல்வெளிகளில் இருக்கும் மண்ணுளிப் பாம்பும் போவா வகையறாதான், அதுவும் குட்டிதான் போடும். (மண்ணுளியையும் மலைப்பாம்பையும் வீட்டில் வைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது இல்லை.)

இந்தக் குட்டி போடும் குணம் வளர்ப்பவரின் கையைக் கட்டிப்போடுகிறது. பால் பைத்தான் (ball python) என்கிற சிறிய ஆப்பிரிக்க மலைப்பாம்பை வைத்திருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. அது ஐந்தாறு முட்டைதான் இடும், அந்த முட்டைகள் கண்ணெதிரே கிடக்கும். இடம் இல்லை, வாங்க ஆள் இல்லை என்றால் முதல் நாளே அவற்றை அடைகாக்காமல் விட்டுவிடலாம். போவாவில் அப்படி ஒரு கட்டமே இல்லை. கரு பிடித்துவிட்டால் நாலு மாதம் கழித்து உயிருள்ள குட்டிகள் நெளிந்துகொண்டு வெளியே வரும். பத்தும் வரலாம், அறுபதும் வரலாம், சராசரியாக 25. எத்தனை என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. அந்த 25இல் ஒவ்வொன்றும் நல்ல பராமரிப்பில் 20 முதல் 30 வருஷம் இருக்கும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மிருகக்காட்சி சாலையில் 1977இல் இறந்த ஒரு போவா 40 ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தது.

சரி, ஜோடி சேர்க்கும் விஷயத்துக்கு வருவோம். போவாவின் சொந்த ஊர்களில் இரவு வெப்பம் குறையும் காலம் ஒன்று உண்டு. அந்த மாற்றம்தான் இணைசேர உடம்பைத் தயார் செய்கிறது. வளர்ப்பில் இதை நாம் உண்டாக்குகிறோம்: பகலில் டேங்கின் ஒரு மூலையில் 31, 32 டிகிரி வழக்கம்போல இருக்கும், இரவில் மட்டும் 21 முதல் 23 டிகிரி வரை இறக்குவோம். இப்படி இரண்டு, மூன்று மாதம்.

இங்கே பெங்களூருக்கென்று ஒரு தனிக் கவனம் வேண்டும். சென்னையில் ஜனவரி இரவு தானாகவே 21 டிகிரியை ஒட்டி இருக்கும். அங்கே இருக்கும் நண்பர்கள் ஹீட்டரை அணைத்துவிட்டுத் தூங்கினால் போதும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் 15, 16 டிகிரிக்குப் போய்விடும். சென்னைக்காரர் சொன்னார் என்று இங்கேயும் ஹீட்டரை அணைத்தால் பாம்புக்குச் சளி பிடிக்கும். வாயோரத்தில் எச்சில் குமிழி, மூச்சில் விசில் சத்தம், தலையை மேலே தூக்கிக்கொண்டே இருப்பது என்று தொடங்கி நுரையீரல் தொற்றில் போய் முடியும். ஆகவே இரவிலும் தெர்மோஸ்டாட் ஓட வேண்டும், அளவைக் குறைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். கரண்ட் போனாலும் அது ஓடும்படி யூ.பி.எஸ்ஸில் மாட்டி வையுங்கள். இரை கொடுப்பதைக் குளிர்விப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நிறுத்த வேண்டும். குளிர்ந்த வயிற்றில் எலி செரிக்காது, அழுகும். அப்புறம் பிப்ரவரி, மார்ச்சில் நம் ஊர்க் காற்று வறண்டுவிடும். போவாவுக்கு 60 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதம் தேவை. சட்டை துண்டு துண்டாக உரிந்தால் காற்று வறண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எந்தப் பாம்பைச் சேர்ப்பது என்பதில் அவசரம்தான் முதல் எதிரி. பெண்ணுக்குக் குறைந்தது மூன்று, நான்கு வயதாவது ஆகியிருக்க வேண்டும், ஆறடியாவது இருக்க வேண்டும். ஆண் இரண்டு வயதிலேயே தயாராகிவிடும். சிலர் பெண்ணுக்கு வாரம் இரண்டு எலி என்று திணித்து இரண்டே வருஷத்தில் ஆறடி ஆக்கிவிடுகிறார்கள். நீளம் வந்துவிடும், உள்ளே ஈரல் முழுக்கக் கொழுப்பு. அப்படி வளர்ந்த பாம்பு செத்த குட்டிகளை ஈனுவதும், பிரசவத்திலேயே போய்ச்சேருவதும் நடக்கிறது. மெதுவாக வளர்ந்த பெண்ணின் உடம்பு வேறு: பக்கவாட்டில் இறுகி இருக்கும், வால் பக்கம் மடிப்பு விழாது. ஒருமுறை ஈன்றபின் ஒரு வருஷமாவது ஓய்வு கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் குட்டி எடுப்பது அந்த உயிரைக் கரைப்பதுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

நோய் பற்றி ஒரு வார்த்தை. ஐ.பி.டி. (இன்க்ளூஷன் பாடி டிசீஸ்) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு வைரஸ் நோய் போவாக்களுக்கு வரும். ரெப்டரீனா வைரஸ்கள்தான் காரணம் என்பது 2012 வாக்கில்தான் தெரிய வந்தது. மருந்து கிடையாது. மலைப்பாம்பு வகைகள் இதில் சீக்கிரம் விழுந்துவிடும். போவா மட்டும் வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும், வைரஸைத் தன் குட்டிகளுக்கும் கொடுக்கும். மைட் என்கிற பொடிப்பூச்சி வழியாகவும் பரவும். ஆகவே கடன் வாங்கிய ஆண் பாம்பைக் கொண்டுவந்து பெண்ணோடு விடுவது, நம் ஊரில் சகஜமாக நடக்கும் காரியம், மிக ஆபத்தானது. ரத்தப் பரிசோதனை இல்லாமல், மூன்று மாதமாவது தனி அறையில் வைத்துப் பார்க்காமல் வெளிப் பாம்பைச் சேர்க்கவே கூடாது.

சேர்த்தபின் ஆண் தன் ஆசனவாயின் இருபுறமும் இருக்கும் சிறு நகங்களால் பெண்ணின் முதுகைச் சுரண்டும். காலின் எச்சம் அது. பாம்பின் மூதாதையருக்குக் கால் இருந்ததற்கான சாட்சி. வாரக்கணக்கில் இப்படிப் போகும். பிறகு ஒருநாள் பெண்ணின் நடு உடம்பு பெரிய எலியை விழுங்கியதாக நினைக்கும் அளவுக்கு வீங்கும். கருமுட்டைகள் இறங்கும் நேரம் அது. ஒரு நாள்தான் தெரியும், ஞாயிற்றுக்கிழமை வெளியூர் போனவர் கோட்டை விட்டுவிடுவார். அப்படி விட்டுவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துப் பெண் ஒரு சட்டை உரிக்கும். அந்தத் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். அதிலிருந்து 100 முதல் 120 நாளுக்குள் குட்டி. இடையில் இரை எடுக்காது, சூடான மூலையை விட்டு நகராது, சில சமயம் வயிற்றைப் பக்கவாட்டில் திருப்பிப் படுத்துக் கிடக்கும்.

மர்ஃபி டவுனில் ஒரு தம்பி வீட்டில் ஜூன் மாதத்தில் ஒரு பிரசவம் பார்த்தேன். அந்த மழை ராத்திரி கரண்ட் போயிருந்தது, டார்ச் வெளிச்சத்தில்தான் எல்லாம். தாய் டேங்கின் ஓரமாக உடம்பை அலையலையாக இறுக்கியது. ஒவ்வொரு இறுக்கத்துக்கும் கண்ணாடித்தாள் போன்ற சவ்வுக்குள் சுருண்ட ஒரு குட்டி வழுக்கி வெளியே விழுந்தது. "டேய், நுங்கு மாதிரி இருக்குடா" என்றார் அவன் அம்மா, கதவருகே நின்றபடி. உள்ளே குட்டி மூக்கால் முட்டியது. சவ்வு கிழிந்ததும் தலையை மட்டும் நீட்டி ரொம்ப நேரம் அப்படியே இருந்தது, நாக்கு மட்டும் வந்து வந்து போனது. தம்பி கிழிக்கப் போனான். வேண்டாம் என்று தடுத்தேன். மஞ்சள்கரு இன்னும் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் ரத்தம் போகும். சவ்வு காய்ந்து மூச்சுவிட முடியாமல் திணறும் குட்டிக்கு மட்டும் மூக்குப் பக்கம் விரலால் லேசாகக் கீறிவிட்டால் போதும். விடியும்போது 19 குட்டி உயிரோடு இருந்தது, ஒன்று செத்துப் பிறந்திருந்தது. மூன்று ஸ்லக், அதாவது கரு பிடிக்காத மஞ்சள் கட்டிகள். "அண்ணா, இவ்வளவையும் எங்க வைக்கறது?" என்று அவன் கேட்டது அப்போதுதான்.

19 குட்டிக்கு 19 டப்பா வேண்டும். ஒன்றாகப் போட்டால் இரை கொடுக்கும்போது ஒன்றையொன்று பிடிக்கும். ஒவ்வொரு டப்பாவிலும் ஈரமான டிஷ்யூ பேப்பர், குட்டித் தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஒரு மூடி. டப்பா வரிசை முழுக்க ஒரே சூடு. குட்டி பிறக்கும்போதே ஒன்றரை அடி நீளம் இருக்கும். ஒன்று, இரண்டு வாரத்தில் முதல் சட்டை உரிக்கும். அதற்கப்புறம்தான் முதல் இரை, முடி முளைத்த சின்ன வெள்ளெலி. ஃப்ரீசரில் வைத்த எலியை வெதுவெதுப்பான நீரில் உருக்கிக் கொடுப்பது நல்லது. உயிருள்ள எலி திருப்பிக் கடிக்கும், அதைத் தவிக்கவிடுவதும் தேவையில்லாத கொடுமை. சில குட்டிகள் வாரக்கணக்கில் வாய் திறக்காது, ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக வழி தேட வேண்டும். பத்து நாளைக்கு ஒரு எலி என்று வைத்தாலும் 19 குட்டிக்கு வருஷத்துக்கு 700 எலி. வருஷம் ஏற ஏற எலி பெரிதாகும், டப்பா டேங்க் ஆகும், டேங்க் அறை ஆகும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்த இடத்தில் ஒருமுறை நின்று யோசியுங்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் ஜோடி சேர்க்கிறார்கள்? குட்டிகளைப் பார்க்கும் ஆசை சிலருக்கு, அது புரிகிறது. பெரும்பாலோருக்கு மார்ஃப். அல்பினோ, ஹைப்போ, மோட்லி, ஜங்கிள் என்று நிறத்தாலும் கோலத்தாலும் மாறுபட்ட வகைகளுக்குச் சாதாரண போவாவைவிடப் பல மடங்கு விலை. ஆனால் மரபணு நம் ஆசைக்கு வளையாது. அல்பினோ ஒடுங்கு பண்பு. அந்த மரபணுவை மறைவாகச் சுமக்கும் இரண்டு பாம்புகளைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒன்றுதான் அல்பினோவாகப் பிறக்கும். மீதி முக்கால்வாசி சாதாரண நிறம். அந்த முக்கால்வாசியைத்தான் யாரும் கேட்டு வருவதில்லை. இன்னொன்று, கால் (Kahl), ஷார்ப் (Sharp) என்று வளர்ப்பாளர்கள் பெயரால் அழைக்கப்படும் இரண்டு அல்பினோ வரிசைகள் உண்டு, மரபணு வெவ்வேறு. இரண்டையும் சேர்த்தால் எல்லாக் குட்டியும் சாதாரண நிறத்தில் வரும். வெறும் 'அல்பினோ' என்று வாங்கி வைத்தவருக்கு இது நாலு வருஷம் கழித்துத்தான் தெரிகிறது. மோட்லி மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்த குட்டிகள் பெரும்பாலும் வளர்ந்து ஆளாவதில்லை என்று வளர்ப்பாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். தெரிந்தே மோட்லியையும் மோட்லியையும் சேர்ப்பவர்களை என்னால் ஏற்க முடியாது.

ஆணே இல்லாமலும் குட்டி பிறந்திருக்கிறது. 2010இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாரன் பூத் குழு ஒரு பெண் போவா ஈன்ற 22 குட்டிகளை ஆராய்ந்தது. எல்லாம் பெண், எல்லாம் தாயிடம் இருந்த அரிய நிறப் பண்பு கொண்டவை, மரபணுவில் தகப்பன் பங்கு எதுவும் இல்லை. அவை வினோதமான பால் குரோமோசோம் இணை கொண்டவை என்று அப்போது எண்ணினார்கள். 2017இல் போவாவின் பால் நிர்ணயம் நம்முடையதைப் போல எக்ஸ்-ஒய் முறைதான் என்று தெரிந்ததும் குழப்பம் தீர்ந்தது: எக்ஸ்-எக்ஸ் தாய் தனியே ஈன்றால் எல்லாம் பெண்ணாகத்தானே இருக்க முடியும். இது மிக அரிது. இருந்தாலும் தனியாக இருக்கும் பெண் திடீரென்று இரை மறுத்து வயிறு கனத்தால் கழிவு அடைப்பு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

இனி சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டு உயிர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. வெளிநாட்டு உயிரினங்களை வீட்டில் வைப்பது பற்றி அதில் நெடுங்காலம் தெளிவு இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்தது. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது: ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து பதிவு செய்பவர்களிடம் ஆவணம் கேட்கப்படாது. பிறகு 2022இல் சட்டத்துக்கே திருத்தம் வந்தது, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் உள்ள உயிரினங்கள் நான்காம் அட்டவணையாகச் சட்டத்துக்குள் நுழைந்தன. போவா கன்ஸ்ட்ரிக்டர் அதில் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. அர்ஜென்டினா பகுதியின் துணை இனம் மட்டும் இன்னும் கடுமையான முதல் இணைப்பில். முதல் இணைப்பு உயிர்களை வளர்த்துப் பெருக்குபவர் தனியாக உரிமம் கேட்க வேண்டும். இரண்டாம் இணைப்புக்கு அந்த உரிமம் இல்லை என்றாலும், வைத்திருப்பதைத் தெரிவிப்பது கட்டாயம். 2024 பிப்ரவரியில் வந்த பதிவு விதிகளின்படி இது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் செய்யப்பட வேண்டும். புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாளுக்குள்.

வளர்ப்பாளர்கள் பலர் கவனிக்காமல் விடும் இடம் இதற்கு அடுத்தது. குட்டி பிறப்பதையும், இறப்பதையும், வேறொருவர் கைக்கு மாறுவதையும் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆக ஒரு பிரசவம் என்றால் 19 பதிவுகள், ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது மறுபடி ஒரு பதிவு, வாங்கியவர் பக்கம் இன்னொன்று. தாய் தகப்பன் இரண்டும் பதிவாகாமல் இருந்தால் குட்டிகளுக்கும் வேர் இல்லை. அப்படிப்பட்ட குட்டியை வாங்குபவர் தெரியாமலேயே வழக்கில் மாட்டிக்கொள்வார்.

உள்ளூரில் பெருக்கினால் கடத்தல் குறையும் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி நியாயம் அதில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் பெங்களூர் விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளைத் திறந்தபோது 55 பால் பைத்தான், 17 ராஜநாகம், செத்துப்போன 6 கபுச்சின் குரங்குகள் இருந்தன. 2024 ஏப்ரலில் அதே பாங்காக் வழியில் 10 மஞ்சள் அனகோண்டாக்கள் பிடிபட்டன. அவையும் போவா குடும்பம்தான். பெட்டிக்குள் துணிப்பையில் கட்டி வரும் அந்த உயிர்களை நினைத்தால், ஒரு சுத்தமான டப்பாவில் இங்கேயே பிறந்த குட்டி எவ்வளவோ மேல். ஆனால் காகிதம் இல்லாத உள்ளூர்க் குட்டிகள் கடத்தலைக் குறைக்காது, கடத்தி வந்ததை மறைக்கத்தான் உதவும். பதிவில்லாத நூறு குட்டிகளுக்கு நடுவே கடத்தி வந்த பத்தை யார் கண்டுபிடிப்பது?

விற்காத பாம்பை ஏரிக்கரையிலோ பன்னேர்கட்டா பக்கமோ விட்டுவிடலாம் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அரூபா தீவில் 1999இல் முதல் போவா கண்ணில் பட்டது. இன்று தீவு முழுக்கப் பரவி அங்குள்ள பறவைகளையும் ஓணான்களையும் தின்கிறது, எவ்வளவு பிடித்தும் ஒழிக்க முடியவில்லை. மெக்சிகோவின் கொசுமெல் தீவில் 1971 வாக்கில் விட்ட சில போவாக்களிலிருந்து பெருங்கூட்டமே பெருகிவிட்டது. ஒரே ஈற்றில் 25 என்கிற கணக்கு காட்டிலும் அதே வேகத்தில்தான் ஓடும். பெங்களூரின் குளிர் தடுக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், இங்கிருந்து சில மணி நேரத் தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையும் கடலோரமும் வெப்பமாக, ஈரமாக இருக்கின்றன.

ஜோடி சேர்ப்பதற்கு முன்பே, ஒரு குட்டிகூடப் போகாவிட்டாலும் எல்லாவற்றையும் ஒரு வருஷம் வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் ஆணையும் பெண்ணையும் வருஷம் முழுக்கத் தனித்தனியாகவே வையுங்கள். தனியாக இருப்பதால் போவாவுக்கு எந்தக் குறையும் இல்லை, அது கூட்டமாக வாழும் பிராணி கிடையாது. ஏற்கெனவே சூலாகிவிட்ட பாம்பு கையில் இருந்தால் இன்றைக்கே டப்பாக்களைச் சேருங்கள், பாம்பு பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரின் எண்ணை வாங்கி வையுங்கள், தாயின் பதிவைச் சரிபாருங்கள். குட்டி கேட்டு வருபவரிடம் வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, எட்டடிப் பாம்புக்கு இடம் எங்கே, கல்யாணமாகி வேறு ஊர் போனால் யார் பார்ப்பார்கள் என்று மூன்றையும் கேளுங்கள், தயங்கினால் கொடுக்காதீர்கள். வைத்துக்கொள்ளவே முடியாத நிலை வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக எங்கும் விடாமல், மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸில் உள்ள அரண்ய பவனில், கர்நாடக வனத்துறைத் தலைமை அலுவலகத்தில், எழுத்தில் கொடுத்து வழி கேளுங்கள். போகும்போது பதிவு நகலையும் பாம்பின் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.